கணினி நம்மிடம் எதைப் படிக்கும்?

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே!

சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ‘என் பாட்டியின் இளமைக் காலம்’ எனும் கட்டுரையைக் கொண்டுவந்தான். பாட்டி நாற்று நட்டாராம். மாட்டு வண்டியில் சந்தைக்குச் சென்றாராம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அவன் பாட்டியை நான் அறிவேன். கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, லயத்து வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர். எழுதியது கணினி என்று பையனே ஒப்புக்கொண்டான்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. குற்றவாளிகள் நாம்தாம்.

கணினிக்கு அறிவு வானத்திலிருந்து இறங்குவதில்லை. பெரும்பாலும் இணையத்தில் உள்ளதைப் படித்தே அது கற்கிறது. 2010இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ‘நெல்’ என்னும் நிரலை இணையத்தைப் படிக்கவிட்டது. ‘குக்கி’ எனப்படும் கணினிக் கோப்பை அது அடுப்பில் சுட்ட பண்டம் என்று முடிவு கட்டியது. மனிதர்கள் குறுக்கிட்டுத் திருத்தினர். 2020இல் வந்த ஜிபிடி-3 படித்த சொற்களில் 92 விழுக்காட்டுக்கு மேல் ஆங்கிலம். எஞ்சியதை உலக மொழிகளெல்லாம் பங்கிட்டுக்கொண்டன. அதில் நம் தோட்டப்புறத் தமிழ் எத்துணை இருந்திருக்கும்?

‘இணையத்தில் எல்லாம் இருக்கிறது’ என்று கூட்டந்தோறும் முழங்குகிறோம். எங்கே இருக்கிறது? கிராணியும் ஆயாக்கொட்டகையும் நம் பள்ளி ஆண்டு மலர்களில் இருக்கின்றன; அம்மலர்களோ அலமாரியில் கரையானுக்கு இரையாகின்றன. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. கருவி செய்து தந்தவர் நம்மவர். அக்கருவியால் நாம் என்ன எழுதினோம்?

அதனினும் கொடுமை, கணினி எழுதியதைத் திருத்தாமலே நம்மவர் சிலர் இணையத்தில் ஏற்றுவது. நாளைய கணினி அதையே படிக்கும். பிழை பிழையை ஈனும். 2010ஐ ஒட்டிய காலத்தில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைச் சேர்த்தபோது, தன்னார்வலர்கள் தரம் குறித்துக் கேள்வி எழுப்பினர். அவ்வாண்டு போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாடு வரை அக்குரல் சென்றது. ஊதியம் பெறாத அவர்களுக்கு இருந்த அக்கறை ஊதியம் பெறும் நமக்கு வேண்டாவா?

‘நம் எழுத்தை நிறுவனங்கள் இலவசமாக அள்ளிக்கொள்ளுமே’ என்பர் சிலர். நியாயமான ஐயமே. ஆயினும் எழுதாமல் விட்டால் இழப்பு அவற்றுக்கன்று, நம் பேரப்பிள்ளைகளுக்கே.

அம்மாணவனைப் பாட்டியிடமே கேட்டு எழுதச் சொன்னேன். நேற்றுக் கொண்டுவந்தான். ஏழே வரிகள், பிழைகள் பத்து. ஆனால், அதில் அவன் பாட்டி இருந்தார்.

பெற்றோர்களே, வீட்டுப் பெரியவர்களைப் பேச வையுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். ஆசிரியர்களே, ஆண்டு மலர்களைப் படமாக ஒட்டாமல் ஒருங்குறியில் தட்டச்சு செய்து, பிழை திருத்தி ஏற்றுங்கள். மாதம் ஒரு பக்கம் போதும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.