தீரு விழுந்த ஆண்டு எது?

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி வடக்கே கடப்பாக்கம் போனால் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில்களைப் பார்க்கலாம். 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். மிஞ்சியதிலும் கொஞ்சத்தை 2004 சுனாமி சிதைத்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் துறைமுகம் இருந்தது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மாவும் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இந்தத் துறை அழியும் என்று எந்தத் தீர்க்கதரிசியும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால், அது நிறைவேறிய ஆண்டு எது என்று நாம் இன்று அடித்துக்கொண்டிருப்போம்.

அந்தச் சண்டை தீரு பட்டணத்தின் பேரில் நடக்கிறது. பாபிலோனில் சிறையிருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி, கி.மு. 586 வாக்கில், மத்தியதரைக் கடலின் அந்தப் பெருந்துறை வெறும் பாறையாகி வலை விரிக்கும் இடமாகும் என்றார். அழிக்க வருபவன் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் என்று பெயரும் சொன்னார். அவன் வந்தான், 13 ஆண்டு முற்றுகையிட்டான். தீவிலிருந்த நகரம் அவனுக்குக் கொள்ளை கொடுக்கவில்லை. இதை எசேக்கியேலின் புத்தகமே ஒத்துக்கொள்கிறது: 29-ஆம் அதிகாரத்தில், கி.மு. 571-ல், பட்ட பாட்டுக்குக் கூலி கிடைக்காததால் பதிலுக்கு எகிப்து தரப்படும் என்கிறது. முன்பு சொன்னதை அழிக்காமல் பின்பு நடந்ததையும் அதே ஏட்டில் வைத்த நேர்மை, அவருக்கு உரை எழுதிய பலரிடம் இல்லை.

உரைகாரர்கள் கணக்கை நீட்டினார்கள். பல ஜாதிகள் அலை அலையாய் வரும் என்றுதானே வசனம்? நேபுகாத்நேச்சார் முதல் அலை, கி.மு. 332-ல் அலெக்சாந்தர் அடுத்த அலை. கரையிலிருந்த பழைய நகரின் கல்லையும் மரத்தையும் கடலில் கொட்டிப் பாதை போட்டு, ஏழே மாதத்தில் தீவைப் பிடித்தான் அவன். கல்லும் மரமும் மண்ணும் தண்ணீரில் போடப்படும் என்ற வரிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் நகரம் மறுபடி எழுந்தது. பவுல் அங்கே ஏழு நாள் தங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. 1291-ல் மம்லூக்குகள் இடித்தார்கள். 1697-ல் போன ஆங்கிலேயப் பாதிரி ஹென்றி மாண்ட்ரெல், இடிபாடுகளுக்கு நடுவே மீன்பிடித்துப் பிழைக்கும் சிலரைக் கண்டு, தேவவாக்குக்கு அவர்களே சாட்சி என்று எழுதினார். இன்று அதே இடம் சூர் என்ற பெயரில் லெபனானின் பெரிய நகரங்களில் ஒன்று. இனி ஒருபோதும் கட்டப்படாது என்ற வசனத்துக்கு மாண்ட்ரெல் ஒரு சாட்சியென்றால் சூர்வாசிகள் எதிர்ச்சாட்சி. கடிகாரத்தை எந்த ஆண்டில் நிறுத்துகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. போதாக்குறைக்கு, இன்னொரு தீர்க்கதரிசியான ஏசாயா அதே தீருவுக்கு 70 ஆண்டு மறதியும் பிறகு பழைய வியாபாரமும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தேதியே குறித்துவிட்டவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், வித்துவான் குட்டி என்று அறியப்பட்டவர், 1875-ல் திருவிதாங்கூரில் எழுந்த எழுப்புதலின்போது கிறிஸ்து 1881-ல் வருவார் என்று அறிவித்தார். ஆண்டு வந்தது, போனது. கூட்டம் கலையவில்லை, யுயோமயம் என்ற தனிச் சபையாக நிலைத்தது. அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர்கள் தோற்கக்கூடிய ஒரு கணக்கைப் போட்டார்கள். அலை மேல் அலையாக நூற்றாண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகிற கணக்கு எந்த ஆண்டிலும் தோற்காது, அதனால் அது எதையும் முன்கூட்டிச் சொல்வதுமில்லை.

எசேக்கியேலோ தீருவின் வீழ்ச்சிக்கு ஆண்டு எதுவும் குறிக்கவில்லை. வாக்கு தமக்கு வந்த நாளைத்தான் குறித்தார்: பதினோராம் வருஷம், மாதத்தின் முதல் தேதி. அதிலும் எத்தனையாம் மாதம் என்பது விட்டுப்போயிருக்கிறது.