சவரிமுத்துவுக்கு என்ன குறைச்சல்?

ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக்குக் காத்திருந்தேன். யாரோ "சவரிமுத்தண்ணே!" என்று கடைக்காரரைக் கூப்பிட, பக்கத்தில் நின்ற சுற்றுலாக் குடும்பம் களுக்கென்று சிரித்தது. பெரியவர் கண்டுகொள்ளவில்லை. பேரன்தான் கூசிப்போனான். "எனக்கும் தாத்தா பேர்தான் சார். கெஜட்ல சேவியர்னு மாத்தப் போறேன். அதுதானே கரெக்ட்டு?"

கரெக்ட்டே இல்லை, தம்பி!

பிரான்சிஸ் சவேரியார் 1506-ல் பிறந்தது, இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில் ஒரு கோட்டையில். கோட்டை இருந்த ஊரின் பெயர்தான் அவரோடு ஒட்டிக்கொண்டது. அது பாஸ்க் மொழி. 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புது. புதுவீடு, அவ்வளவுதான். நம்ம ஊர் புதூர், புதுப்பட்டி மாதிரி!

1542-ல் கோவாவில் இறங்கியவர், முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். 1622-ல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. ஊர்ப் பெயர், உலகம் முழுக்கப் பிள்ளைகளின் பெயரானது.

விஷயம் இனிமேல்தான். அவர் காலத்தில் ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் அந்த 'எக்ஸ்' எழுத்துக்கு ஒலி 'ஷ'. அதாவது, 'ஷவியேர்'. போர்ச்சுக்கீசியர் சொன்னதைக் காதால் கேட்ட நம் ஆட்கள் 'சவேரி', 'சவரி' என்றார்கள். அதோடு முத்து, ராயன், அம்மாள் என்று சேர்த்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். இன்றைய ஸ்பானியர் 'ஹவியேர்' என்கிறார். 'சேவியர்' இங்கிலீஷ்காரர் வழியாக வந்தது. மூன்றில் பழைய ஒலிக்குப் பக்கத்தில் நிற்பது எது? தாத்தா பெயர்தான்!

சிரித்த குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஏறிவந்த மலைக்குப் பெயர், உச்சியில் குகைக்கோயிலில் இருக்கும் சேர்வராயனால் வந்தது. வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் அது 'ஷெவராய்' ஆனது. அதை போர்டு போர்டாக எழுதி வைத்து, முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். துரை வாயில் ஒரு பெயர் உருமாறினால் ஸ்டைல். நம் பாட்டி வாயில் உருமாறினால் பட்டிக்காடா? என்னய்யா நியாயம் இது?

நான் படித்தது பி.காம். அங்கே 'குட்வில்' என்று ஒன்று சொல்லித்தருவார்கள். பல வருடம் நாணயமாக நடந்து ஒரு பெயர் சம்பாதித்த மதிப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் சொத்து. யாரோ சிரித்தார்கள் என்பதற்காக எந்த முட்டாளாவது சொத்தைத் தள்ளுபடி செய்வானா?

தம்பி, கெஜட்டுக்குக் கட்டுகிற பணத்தில் கடைக்கு ஒரு போர்டு மாட்டு. பெரிய எழுத்தில்: 'சவரிமுத்து பஜ்ஜிக் கடை'.