இரும்பின் விரிசலும் கருவறையின் மகளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைக்கும் பங்கு மக்களுக்கு இச்செய்தி புதிதாக இராது. வார்த்தெடுத்த இரும்பினுள் ஒளிந்திருக்கும் விரிசலைக் காண அதை உடைக்க வேண்டியதில்லை. செவிக்கெட்டாத ஒலியலையைச் செலுத்தினால் போதும். பழுதுள்ள இடத்திலிருந்து அது எதிரொலித்துத் திரும்பும். பழுதான இரும்பு ஒதுக்கப்படும்.

கர்ப்பிணியின் வயிற்றை நோக்கும் ஸ்கேன் கருவியும் இவ்வழி வந்ததே. 1955இல் கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட், அறுவையில் அகற்றிய கட்டிகளை எடுத்துக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். இரும்பைச் சோதிக்கும் அலை சதையையும் சோதிக்குமா என அறிவதே அவர் நோக்கம். 1958இல் அவர் குழுவின் முடிவுகள் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. புற்றுநோய் முற்றிவிட்டதென்று கைவிடப்பட்ட பெண் ஒருத்திக்கு, இருப்பது அகற்றக்கூடிய சினைப்பைக் கட்டியே என்று அக்கருவி காட்டிற்று, அவள் பிழைத்தாள். டொனால்ட் கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஆகவே, கருவி நமக்குப் பகையன்று. கருக்குழாயில் தங்கிவிட்ட கருவையும், கருப்பை வாயை மறைத்துக் கிடக்கும் நஞ்சுக்கொடியையும் முன்னரே காட்டித் தாயைக் காப்பது அது. இருபத்துநான்கு வாரங்களுக்கு முன் ஒருமுறையேனும் ஸ்கேன் தேவையென உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. “ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஸ்கேன் எதற்கு?” என்று மருமகளைத் தடுப்பதை நான் பக்தியென ஒப்பமாட்டேன். உயிரைக் காக்கவும் குணமாக்கவும் செய்யப்படும் பரிசோதனை முறையானதே என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987இலேயே தெளிவுபடுத்தியது. அழிப்பதற்காகச் செய்யப்படுவதையே அது கண்டித்தது.

எனில் குற்றம் எங்கே? மகளையே பழுதென்று கருதும் நம் மனத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஞாயிறு திருப்பலி தவறாதவர். “சாமி, மருமவளுக்கு ரெண்டும் பொண்ணாப் போச்சு. இதாவது என்னன்னு பாத்துக்கலாம்னு இருக்கோம்” என்றார். குரலில் கூச்சமே இல்லை. செபத்துக்கு ஆசீர் கேட்பதுபோல் கேட்டார்.

கருவின் பாலினத்தை அறிவிப்பது குற்றம் என 1994இல் இயற்றிய சட்டம் 1996 முதல் நடைமுறையில் உள்ளது, 2003இல் வலுப்படுத்தப்பட்டது. அச்சட்டத்தில் சிந்திக்கத் தக்க ஒரு பிரிவு உண்டு. சோதனைக்கு உட்பட்ட பெண், கணவனாலோ உறவினராலோ கட்டாயப்படுத்தப்பட்டவள் என்றே நீதிமன்றம் கருத வேண்டும். இல்லையென்றால் மெய்ப்பிக்க வேண்டும். நம் வீட்டு முற்றத்தில் நடப்பதை நாடாளுமன்றம் அறிந்திருக்கிறது. பங்குப் பேரவை அறியாததுபோல் இருக்கிறது!

“அதெல்லாம் சேலத்துக் கதை, உசிலம்பட்டிக் கதை” என்பார்கள். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 851 மட்டுமே என்பது உண்மை. ஆனால் இயல்பாகவே ஆயிரம் ஆண் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 950 பெண் பிறப்புகள் இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாடு முழுமைக்கும் காட்டிய எண் 878. அதற்கு முந்தைய ஆய்வில் அது 954. மாதிரி ஆய்வில் ஏற்ற இறக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். எனினும் இதைக் கண்டும் ‘அடுத்த ஊர்ப் பாவம்’ என்று இருந்துவிட முடியுமா?

“வரதட்சணைக்கு என்ன செய்வது, சாமி?” என்பது அடுத்த கேள்வி. இங்கே குருக்களாகிய நாங்களும் குற்றவாளிகளே. கருக்கலைப்பைக் கண்டித்து மறையுரை ஆற்றுகிறோம். எத்தனை சவரன் பேசி முடித்தார்கள் என்று தெரிந்தே திருமண ஓலை வாசிக்கிறோம். அந்தச் சவரன்களே மகளை விரிசலாகக் காட்டுகின்றன. மணமகளின் விலையை ஆசீர்வதித்த கை, கருவிலுள்ள மகளுக்காக எப்படி உயரும்?

ஆதலால் இரண்டு செய்வோம். வரதட்சணை பேசிய திருமணத்துக்கு ஓலை வாசிப்பதில்லை என ஒவ்வொரு பங்குப் பேரவையும் தீர்மானிக்கட்டும். ஆலையோரக் குடிசைகளில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களில், ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சி ஸ்கேன் எடுக்காத தாய்மாரை அன்பியங்கள் தேடிக் கண்டு, கூலியும் பேருந்துச் செலவும் தந்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும்.

எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியபோது, அது ஆணா பெண்ணா என்று மரியா கேட்கவில்லை. வாழ்த்துக் கூறினார், உடனிருந்து பணிவிடை செய்தார். நமக்கும் அதுவே வழி.