அவிழ்ந்த கூந்தலும் அளவெடுத்த தலைகளும்

சிலப்பதிகாரத்து நெடுவேள்குன்றம் நம் திருச்செங்கோடே என்றொரு பழைய வழக்கு உண்டு. மறுப்போரும் உளர், அது கிடக்கட்டும். பாண்டியன் அவையில் விரித்த கூந்தலோடு நின்றவளை நம் மலைக்கு உரியவளாக்கிக் கொள்வதில் நமக்குத் தீராத பெருமை. பட்டிமன்ற மேடைகளில் அக்கூந்தலைப் பாடாத நாவில்லை.

அதே மலையடிவாரம் தொடங்கி இராசிபுரம், நாமக்கல் வரை நிறைந்திருக்கும் விடுதிப் பள்ளிகளுக்குள் நுழைந்து பாருங்கள். பெண்பிள்ளைக்கு மடித்துக் கட்டிய இரட்டைச்சடை. ஆண்பிள்ளைக்கு ஒட்ட வெட்டிய தலை. (கோழிப்பண்ணை உவமையைச் சொல்லிச் சொல்லி நாமே சலித்துவிட்டோம்.) காலை வழிபாட்டு வரிசையில், முடி சற்று நீண்ட பையனை இழுத்து நிறுத்தி, அத்தனை பேர் முன்னிலையிலும் ஒரு கொத்தைக் கத்தரித்து அனுப்புவதைக் கண்டிருக்கிறோம். கேட்டால், ஒழுக்கமாம்! இவர்களின் பாட்டனார் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தபோது, ஊர்ப்பெரியவர்கள் அதைத்தானே ஒழுக்கக்கேடு என்றார்கள்?

1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய பெரியார், பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்றவர். கண்ணகியைக் கொண்டாடும் நாம் அவரோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. அவிழ்த்தது அவளே, அவர் கத்தரியைக் கொடுத்ததும் பெண்ணின் கையில்தான். பள்ளி வரிசையில் கத்தரி யார் கையில் இருக்கிறது என்பதே நம் வழக்கு.

ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவில் கண்ணகி வேடமிட்ட மாணவிக்குக் கூந்தலை அவிழ்க்க அனுமதி கிடைத்தது. காட்சி முடிந்து அவள் மேடையிறங்குமுன்பே, படியருகே ஓர் ஆசிரியை நாடாவோடு காத்திருந்தார்.