பையன் மக்கு இல்லை, புத்தகம்தான் தப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. சீட்டுக்கட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். போன மாதம் காற்றடிக்கப் போனபோது ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "சார், இதை நீங்களே வெச்சுக்குங்க. பையன் சீட்டு மேஜிக் கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான். வெவரம் தெரிஞ்சவர் ஒருத்தர் இதுதான் இருக்கறதுலயே பெஸ்ட்டுன்னாரு. வாங்கிக் குடுத்தேன். பத்துப் பக்கம் தாண்டல. எட்டாவது படிக்கிறான், மக்குப் பய சார்."

வாங்கிப் பார்த்தேன். எஸ்.டபிள்யூ. எர்ட்னேஸ் எழுதிய 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்'. எனக்குக் கோபம் வந்தது, பையன் மேல் அல்ல.

அந்தப் புத்தகம் லேசுப்பட்டதல்ல. 1902-ல் சிகாகோவில் வந்தது. எழுதியவரின் உண்மையான பெயர் என்ன என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். சீட்டு வித்தைக்காரர்களுக்கெல்லாம் வாத்தியார் என்று சொல்லப்படும் டாய் வெர்னான் சிறுவனாக இருந்தபோது அதைக் கையில் எடுத்தவர், கடைசிவரை கீழே வைக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சூதாட்ட மேசையில் ஏமாற்றுகிறவனின் கைத்தொழில். அடிச்சீட்டை மேல்சீட்டுபோலப் போடுவது, கலைப்பதுபோல் காட்டிக் கலைக்காமல் இருப்பது, இந்த மாதிரி. வித்தை பின்பக்கத்தில்தான் வருகிறது. நடையோ நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய நெருக்கமான ஆங்கிலம். ஏற்கெனவே சீட்டு கையில் படிந்தவனுக்கு அது புதையல். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்லூரிப் பாடத்தைக் கொடுத்துவிட்டு, "மண்டையில் ஏறலை" என்று சொன்னால் குற்றம் யாருடையது?

பெரிய பெயரைச் சொன்னால் தன்னையும் பெரியவனாக நினைப்பார்கள் என்று புத்தகம் சிபாரிசு செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கேட்கிறவன் எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பார்க்காமல் சொல்லும் சிபாரிசு, நாடி பார்க்காமல் கொடுக்கும் மருந்து.

இதைச் சொல்ல எனக்கும் யோக்கியதை குறைவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பின்னம் வராத ஒரு பையனை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி "உனக்கு இந்த ஜென்மத்தில் கணக்கு வராது" என்றேன். அவனுக்கு வகுத்தலே ஒழுங்காகச் சொல்லித் தரப்படவில்லை என்பது அடுத்த வருடம்தான் எனக்குப் புரிந்தது. அதற்குள் அவன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிருந்தான். ஆசிரியர் பயிற்சியில் எளியதிலிருந்து அரியதுக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததுக்கு என்று படித்துப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியவன் நான்.

ஆகவே, பிள்ளைக்கோ உங்களுக்கோ சீட்டு வித்தைப் புத்தகம் வாங்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்.

ஒன்று: முதல் பாடத்தில் என்ன இருக்கிறது? எடுத்த எடுப்பில் தந்திரம் வந்தால் கீழே வையுங்கள். மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருடம், 1984-ல், அங்கே பழைய புத்தகக் குவியலில் நான் எடுத்தது ஜீன் ஹியூகார்டும் ஃபிரெடரிக் பிராவும் சேர்ந்து எழுதிய 'தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்'. அதன் முதல் பாடமே சீட்டுக் கலைப்பதுதான். எந்த விரல் எங்கே என்று பொறுமையாகச் சொல்கிறது. நம் ஊரில் மேலிருந்து கொத்துக் கொத்தாக உருவிக் கலைப்போமே, அதற்கு அங்கே 'ஹிந்து ஷஃபிள்' என்றே பெயர். அதற்கும் ஒரு பாடம் உண்டு.

இரண்டு: கற்றதை உடனே செய்து காட்ட வழி இருக்கிறதா? அந்தப் புத்தகத்தில் ஒரு கைவேலையைச் சொல்லிக் கொடுத்ததும், அதை மட்டும் வைத்துச் செய்யக்கூடிய சில வித்தைகள் பின்னாலேயே வரும். வாய்ப்பாடு சொன்ன கையோடு கடைக்கு அனுப்பிச் சில்லறை வாங்கி வரச் சொல்வதுபோல. வெறும் பயிற்சி ஒரு மாதம் என்றால் எந்தப் பிள்ளை உட்காரும்?

மூன்று: வாய்க்கும் கண்ணுக்கும் பாடம் உண்டா? எப்போது பேச வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாத புத்தகம் பாதிப் புத்தகம். 'நூற்றியொரு தந்திரங்கள்' வகையெல்லாம் இந்த இடத்தில் விழுந்துவிடும். தந்திரத்துக்கு அரைப் பக்கம், அதில் ரகசியம் மட்டும். ரகசியம் தெரிந்தவன் வித்தைக்காரன் என்றால், சமையல் குறிப்பு படித்தவனெல்லாம் சமையல்காரன்.

கைவேலையே வேண்டாம், முதலில் ஆசை ஒட்டட்டும் என்பவர்களுக்கு கார்ல் ஃபுல்வ்ஸின் 'செல்ஃப் ஒர்க்கிங் கார்டு ட்ரிக்ஸ்' போதும். 72 வித்தைகள், எல்லாம் கணக்காலும் அடுக்கும் வரிசையாலும் தானே நடப்பவை. "அதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. எல்லோருக்கும் தெரிந்த 21 சீட்டு வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசையில் ஏழேழாகப் போட்டு, நினைத்த சீட்டு இருக்கும் வரிசையை நடுவில் வைத்து அடுக்குவது. மூன்று முறை செய்தால் அந்தச் சீட்டு சரியாக 11-வதாக நிற்கும். ஏன்? முதல் முறையில் 21 ஏழாகச் சுருங்குகிறது. இரண்டாவதில் ஏழு அதிகபட்சம் மூன்றாகிறது. மூன்றாவதில் அது தன் வரிசையின் நாலாவது இடத்துக்கு வந்துவிடும். மேலே ஏழு, அதோடு நாலு, பதினொன்று. இதை வகுப்பில் செய்து காட்டியதற்கு, பள்ளிக்கூடத்துக்குள் சீட்டா என்று எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆனால் மெமோவை விட, "ஏன் சார் பதினொன்னு?" என்று பின்பெஞ்சில் இருந்து வந்த கேள்விதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வசதி இருப்பவர்கள் பிறகு ராபர்ட்டோ ஜியோபியின் 'கார்டு காலேஜ்' வாங்கலாம். 5 பாகம். முதல் இரண்டையே முடிக்க வருடங்கள் ஆகும். எர்ட்னேஸ் அதற்கப்புறம். அலமாரியில் காத்திருக்கட்டும், கெட்டுப்போகாது.

"இந்தக் காலத்தில் யார் சார் புத்தகம்? வீடியோ இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஒரு கைவேலையின் தாளம் புரிய வீடியோ நல்லது. ஆனால் பாடத்தைப் படித்துத் தடுமாறிய பிறகு பாருங்கள். முதலிலேயே பார்த்தால் அவர் வேகம், அவர் சிரிப்பு, அவர் பேச்சு எல்லாம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எத்தனை பிள்ளைகள் ஒரே மாதிரி புருவத்தைத் தூக்குகிறார்கள் பாருங்கள். புத்தகத்தில் குரல் கிடையாது. அதனால் உங்கள் குரலை நீங்களே தேடியாக வேண்டும். வரிசையும் வீடியோவில் கிடையாது. இன்று பார்த்ததற்கும் நாளை வருவதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்ன எல்லாமே ஆங்கிலப் புத்தகங்கள். படிப்படியாகக் கைபிடித்துச் சொல்லித் தரும் தமிழ்ப் புத்தகம் ஒன்று என் கைக்கு இதுவரை வந்ததில்லை. விஷயம் தெரிந்தவர்கள் தமிழில் எழுதாமல், பெரிய பெயர்களை மட்டும் உதிர்த்துக்கொண்டிருந்தால் சைக்கிள் கடைக்காரர் மகன் எங்கே போவான்?

இப்போதைக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறான். ஞாயிறு காலை ஒரு மணி நேரம். என் பழைய 'ராயல் ரோடு' பிரித்தபடி நிற்க மேலே ஒரு கூழாங்கல். இரண்டு கையிலும் சீட்டு இருக்கும்போது பக்கத்தை யார் பிடிப்பது? நான் ஒரு பத்தி படித்துப் பொருள் சொல்கிறேன், அவன் தன் தமிழில் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்கிறான். இடதுகைக்காரன். படத்தையெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டு அவனே வரைகிறான். நான் சொல்லித் தரவில்லை.

நாலு வாரம் ஆயிற்று. போன ஞாயிறு அப்பாவை ஒரு சீட்டு எடுக்கச் சொன்னான். ஆட்டின் ஏழு. கலைத்தான், வெட்டச் சொன்னான், எடுத்துக் கொடுத்தான். அப்பா சீட்டைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார்.

"மக்கு" என்ற சொல்லை நானும் ஒரு காலத்தில் தாராளமாகச் செலவழித்தவன். பிள்ளையை அப்படிச் சொல்லும் முன், அவன் கையில் இருக்கும் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

பி.கு.: எர்ட்னேஸை சிபாரிசு செய்த அந்த விவரம் தெரிந்தவர் இதைப் படித்தால், ஞாயிறு காலை திண்ணைக்கு வரலாம். காபி உண்டு. பாடம் முதலிலிருந்துதான்.