விடுமுறையில் வீட்டில் விடப்படுபவர்கள்

தீவு என்ற சொல் காரைக்காலுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரெஞ்சு ஆட்சியின்போது, ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கப்பலேறிய துறைமுகங்களுள் இவ்வூரும் ஒன்று. அத்தலைமுறைக்குத் தீவு என்றால் உழைப்பு, பிரிவு. இன்று இவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தீவு என்றால் விடுமுறை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையால் நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் புறப்பட்டது. நம் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் துறைமுகம்; அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடற்பயணத்தில் இலங்கை. அதன் பின்னர், புறநோயாளர் பிரிவில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று கூடியிருக்கிறது: "பிள்ளைகள் எல்லோரும் யாழ்ப்பாணம் போகிறார்கள், நானும் போகலாமா?"

கேட்பவர் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கூடவே இரத்த அழுத்தம். சிலருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கும். கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே விடையையும் அவரே சொல்லிவிடுவார்: "எதற்கு வம்பு? அவர்கள் போய் வரட்டும். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்." உடன் வந்த மகனோ மகளோ அதை மறுப்பதில்லை. அவ்விடத்தில் மருத்துவர் "ஆம், வேண்டாம்" என்று சொல்லிவிடுவது எளிது; அதனால் மருத்துவருக்கு எந்தச் சிக்கலும் வராது. ஆயினும் பெரும்பாலான நோயாளர்களுக்கு அது சரியான விடையன்று என்பதே எங்கள் கருத்து. "போகலாமா" என்ற கேள்வியை "எப்படிப் போகலாம்" என்று மாற்றிக் கேட்க வேண்டும் என்கிறோம்.

காரணம் இரண்டு. முதலாவது, சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பத்து நாளில் தீர்ந்துபோகும் காய்ச்சல் அல்ல. இருபது, முப்பது ஆண்டுகள் உடன் வாழும் நோய்கள். நோய் தீர்ந்த பின் ஊர் பார்க்கலாம் என்று காத்திருப்பவர் ஒருபோதும் ஊர் பார்க்கப் போவதில்லை. அன்றாடம் மாத்திரை உண்பதும், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும், உப்பைக் குறைப்பதும் எதற்காக? பேரப்பிள்ளைகளோடு நடமாடுவதற்காகத்தானே? அந்த நடமாட்டத்தையே கைவிடச் சொல்லும் சிகிச்சை தன் நோக்கத்தை மறந்த சிகிச்சையாகும்.

இரண்டாவது, வீட்டில் விட்டுச் செல்வதே பாதுகாப்பு என்பது ஆராயப்படாத நம்பிக்கை. இன்சுலின் போடும் ஒருவர் தனியே இருக்கும் வீட்டில், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துத் தடுமாறினால் யார் பார்ப்பார்? தனக்கென ஒருவருக்கு மட்டும் சமைக்க மனமின்றி ஒரு வேளை உணவைத் தள்ளிப்போட்டு, மாத்திரையை மட்டும் விழுங்குபவர் எத்தனை பேர்? குளியலறையில் வழுக்கி விழுந்தால், மாலையில் அண்டை வீட்டார் கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டும். குடும்பத்தோடு கடல் கடந்து செல்லும் முதியவரை விட, குடும்பம் கடல் கடந்து சென்றபின் தனித்திருக்கும் முதியவரே பல சமயங்களில் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்.

இதனால் எல்லோரும் கப்பலேறலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அண்மை வாரங்களில் மாரடைப்போ பக்கவாதமோ அறுவைச் சிகிச்சையோ ஏற்பட்டவர், நடந்தால் மூச்சு வாங்குபவர், காலில் ஆறாத புண் உள்ளவர், காய்ச்சலில் இருப்பவர், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இன்னும் கட்டுக்குள் வராதவர் ஆகியோர் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர், சென்றடையும் ஊரில் அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே உறுதி செய்யாமல் கடல் கடக்கவே கூடாது. இவர்களுக்கு "இப்போது வேண்டாம்" என்பதே சரியான விடை. மற்றவர்களுக்கு அவ்விடையை நீட்டுவது நியாயமன்று.

இன்னொருவரைப் பற்றியும் பேச வேண்டும். நோயாளரைக் கவனித்துக்கொள்பவர், பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். ஆண்டு முழுவதும் மாத்திரைகளை எண்ணி வைப்பவரும், பத்தியம் சமைப்பவரும், இரவில் எழுந்து பார்ப்பவரும் அவரே. விடுமுறையிலும் அவரே மருந்துப் பையைச் சுமந்து, அவரே சமையலறை கொண்ட தங்குமிடம் தேடி, அவரே விடியற்காலையில் எழுவாராயின், அது அவருக்கு விடுமுறை அன்று. வேறோர் ஊரில் அதே வேலை. கவனிப்பவரின் களைப்பு நோயாளரின் உடல்நிலையையும் பாதிக்கும். களைத்தவர் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிடுவார். தன் இரத்த அழுத்தத்தைத் தானே கவனிக்க மாட்டார். எனவே புறப்படும் முன்னரே குடும்பத்தார் அமர்ந்து, எந்த நாளில் யார் மருந்துக்குப் பொறுப்பு, யார் கூடவே நடப்பார் என்று பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பதினைந்து வயதுப் பேரனுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக் கருவியை இயக்கக் கற்றுக்கொடுக்கலாம்.

பயணத் திட்டத்தில் எங்கள் பரிந்துரை ஒன்றே: இடங்களைக் குறையுங்கள். மூன்று நாளில் நல்லூர், கீரிமலை, நயினாதீவு, நெடுந்தீவு, யாழ்ப்பாணக் கோட்டை, காரைநகர் கசூரினா கடற்கரை என்று அனைத்தையும் அடுக்கினால் திரும்பும்போது எல்லோரும் நோயாளராகவே திரும்புவர். கப்பற்பயணம் நான்கு மணி நேரமே என்றாலும், குடிவரவு, சுங்கச் சோதனைகளையும் காத்திருப்பையும் சேர்த்தால் முதல் நாள் முழுவதும் கழிந்துவிடும். அன்று வேறெதுவும் வேண்டாம். நெடுந்தீவின் பவளக்கல் மதில்களும் காட்டுக் குதிரைகளும் காணத்தக்கவையே. ஆனால் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். படகில் ஏறி இறங்குவதும் முழங்கால் தேய்ந்தவர்க்கு எளிதன்று. நயினாதீவுக்குப் படகுப் பயணம் மிகக் குறுகியது. கசூரினா கடற்கரையிலோ ஆழமற்ற அமைதியான நீர். ஒரு மாலைப்பொழுது முழுவதும் நிழலில் அமர்ந்திருக்கலாம். அமர்ந்திருப்பதும் விடுமுறைதான்.

இனி, மருந்து. இக்கப்பல் வானிலைக்குக் கட்டுப்பட்டது. கடல் கொந்தளித்தால் ஓடாது. குறித்த நாளில் திரும்புவோம் என்று எண்ணி, எண்ணிய நாட்களுக்கு மட்டும் மாத்திரை கொண்டு செல்வது தவறு. நான்கு நாள் பயணத்துக்குப் பத்து நாள் மருந்து வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து, இருவர் கைப்பைகளில் வைத்திருங்கள். பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டாம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருந்துச்சீட்டோடு கொண்டு செல்லுங்கள். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மூலப்பெயர் எழுதிய சீட்டு இருந்தால் எந்த ஊர் மருத்துவரும் புரிந்துகொள்வார். இதய நோயாளர்கள் கடைசி ஈசிஜியின் நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் உடன் வைத்திருக்க வேண்டும். இன்சுலினையும் ஊசிகளையும் கொண்டு செல்வோர் மருத்துவரிடம் ஒரு கடிதம் பெற்றுக்கொள்வது நல்லது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் இன்சுலின் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. பிரான்சிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் உறவினர்தாம் அதைப் பற்றித் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். திறந்த இன்சுலின் குப்பி வெயிலில் கெடும். குளிர்பை வேண்டும், ஆனால் பனிக்கட்டி நேரே படக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது.

கடற்பயணத்தில் குமட்டலும் வாந்தியும் வரலாம். இன்சுலின் போட்டுக்கொண்ட பின், உண்டதெல்லாம் வெளியேறினால் சர்க்கரை திடீரெனத் தாழும். அவ்வேளையில் எதைக் குறைப்பது, எதை நிறுத்தக் கூடாது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனவே அதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும். நீர் வெளியேற்றும் மாத்திரையோ, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரையோ உண்பவர்க்கு வாந்தியால் உடல்நீர் விரைவில் வற்றும். குமட்டலுக்கான மாத்திரையையும் கடையில் தாமாக வாங்க வேண்டாம். அவற்றுட் சில, புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்க்குச் சிறுநீரை அடைத்துவிடும். கண்ணழுத்த நோய் உள்ளவர்க்கும் ஆகாது.

பாதங்களை மறவாதீர்கள். நெடுநாள் சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்துக்கு, நண்பகலில் சுடும் கோயில் பிராகாரக் கல்லும், கூரிய பவளத் துண்டுகள் கலந்த மணலும் தெரியாது. இரவில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியும். விடியற்காலையிலோ மாலையிலோ கோயிலுக்குச் செல்லுங்கள். கடற்கரையில் செருப்பைக் கழற்ற வேண்டாம். உறங்கும் முன் யாரேனும் ஒருவர் பாதத்தின் அடிப்புறத்தைப் பார்க்கட்டும்.

உணவைப் பொறுத்தவரை நாங்கள் கடுமை காட்ட விரும்பவில்லை. மாங்கனித் திருவிழா கொண்டாடும் ஊராரிடம், யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தொடாதே என்று சொல்லி யார் கேட்பார்? ஒரு கீற்று உண்ணலாம். அவ்வேளையில் சோற்றையோ பிட்டையோ குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பனங்கட்டி இயற்கையானது, ஆகவே சர்க்கரை நோயாளர்க்குக் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை பிழையானது. பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் இரத்தத்தில் அது சர்க்கரையே. ஒடியல் கூழில் உப்பும் காரமும் மிகுதி. இதயம் தளர்ந்தவர் சுவை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நன்று.

அவசரம் நேர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் 'சுவசெரிய' அவசர ஊர்தி வரும். இந்திய அரசின் நிதியுதவியுடன் 2016இல் தொடங்கிய அச்சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் விரிந்தது. யாழ்ப்பாண நகரில் போதனா வைத்தியசாலையும், காங்கேசன்துறைக்கு அருகே தெல்லிப்பழையில் ஆதார வைத்தியசாலையும் உள்ளன. அங்கே நோயைத் தமிழிலேயே சொல்லலாம். முதியவர்க்கு அது பெரிய ஆறுதல். பயணக் காப்பீடு எடுப்போர், ஏற்கனவே உள்ள நோய்க்கும் அது பொருந்துமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

"இவ்வளவு ஏற்பாடு வேண்டுமென்றால் போகாமலே இருக்கலாமே" என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் சொன்ன ஏற்பாடுகளுள் பெரும்பாலானவை வீட்டிலும் செய்ய வேண்டியவையே. மருந்துச்சீட்டைப் பத்திரப்படுத்துவதும், பாதத்தைப் பார்ப்பதும், வேலையைப் பங்கிடுவதும் கப்பலுக்கென்று தனியே வந்தவை அல்ல. ஒரு பயணத்தை முன்னிட்டு இவற்றைக் கற்றுக்கொள்ளும் குடும்பம், திரும்பிய பின்னும் அவற்றைக் கைவிடாது.

கடல் கடக்க இயலாதவர்க்கும் விடுமுறை உண்டு. டயாலிசிஸ் இல்லாத நாளில் தரங்கம்பாடிக்குச் சென்று கோட்டையின் அருகே கடற்காற்றில் அமர்ந்து மாலையில் திரும்பலாம். அரசலாறு கடலோடு கலக்கும் நம் கடற்கரையே போதும் என்பவரும் உண்டு. 2004 டிசம்பர் 26க்குப் பின் கடலருகே செல்லவே விரும்பாதவர்களும் இவ்வூரில் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தாமல், மரநிழல் உள்ள உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கச் செய்யலாம். எங்கே செல்கிறோம் என்பதை விட, யாரையும் விட்டுவிடாமல் செல்கிறோமா என்பதே கேள்வி.

ஆகவே, அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, இரத்தப் பரிசோதனை முடிவுகளோடு பயண எண்ணத்தையும் கொண்டு வாருங்கள். புறப்படுவதற்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்னதாக வந்தால், மருந்துகளைச் சீரமைக்கவும் தேவையான பரிசோதனைகளைச் செய்யவும் நேரம் இருக்கும். கேள்வியை நோயாளரே கேட்கட்டும். "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்ற விடையை மட்டும் அவரே முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.