கரும்புச் சோகையை எரித்தல் தகுமோ?

கல்வராயன் மலையடிவாரத்துக் கரும்புக் கொல்லைகளில் வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீயிடும் வழக்கம் ஊரறிந்தது. கொல்லையைத் துப்புரவு செய்தலேயன்றி அதில் வேறொன்றுமில்லை என்பர் பலர். யாமோ, அஃது உழவர் தம் கைப்பொருளைத் தாமே எரித்தலாகும் என்போம். இது விளங்கவேண்டுமாயின், கரும்பு எதனை உண்டு வளர்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

செடிகள் மண்ணையே உண்டு வளர்வன என்று கற்றோரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மான்ட் என்பார், 200 ராத்தல் உலர்ந்த மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மாத்திரமே வார்த்து 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் 169 ராத்தலாயிற்று. மண்ணிற் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சே. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு செய்தார். 'காஸ்' என்னும் சொல்லை உலகிற்கு ஈந்த அப்பெரியாரே காற்றின் பங்கைக் காணாது விட்டது வியப்பன்றோ! 1771-இல் இங்கிலாந்தில் சபைப் போதகராயிருந்த பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாத் தளிர் மீண்டும் நலமுறச் செய்தலைக் கண்டார். பச்சை உறுப்புகள் வெளிச்சத்தில் மட்டுமே அதனைச் செய்யும் என்று 1779-இல் இங்கென்ஹௌஸ் காட்டினார்.

இலையானது, வேர் அனுப்பும் நீரை ஞாயிற்றொளியின் ஆற்றலாற் பிளந்து, பிராணவாயுவை வெளிவிட்டு, எஞ்சிய ஹைட்ரஜனைக் காற்றின் கரியமிலவாயுவோடு கூட்டிச் சர்க்கரை சமைக்கின்றது. இதுவே ஒளிச்சேர்க்கை. கரும்பு இத்தொழிலில் மிக வல்லது. காற்றில் அருகியுள்ள கரியமிலவாயுவை முன்னதாகத் திரட்டிவைத்துக்கொள்ளும் அதன் திறத்தை, ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் 1966-இல் விளக்கினர்.

ஆகவே, கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் உள்ள கூட்டுறவு ஆலைகளினின்று மூட்டை மூட்டையாய்ச் செல்லும் வெண்சர்க்கரையில் மண்ணின் பொருள் ஏதுமில்லை எனலாம். கரி, ஹைட்ரஜன், பிராணவாயு என்னும் மூன்றே உள. வெயிலும் காற்றும் கோமுகியும் தென்பெண்ணையும் கூடிச் செய்த பண்டம் அது. இஸ்ரவேலருக்கு வானின்று இறங்கிய மன்னாவை நினைவூட்டுகின்றதன்றோ!

அங்ஙனமாயின், மண் ஈந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பற்சத்தும் எங்கே போயின? சோகையிலும் சக்கையிலும் ஆலைக் கழிவிலும் அவை தங்கியிருக்கின்றன. விலைக்குப் போவது காற்றும் நீரும். கொல்லையில் நிற்கவேண்டுவது சோகை. அதனை எரிப்பின் தழைச்சத்திற் பெரும்பகுதி புகையோடு போம். ஏனையவை சாம்பலில் தங்கினும், அடுத்த காற்றும் மழையும் அவற்றை வாரிச்செல்லும். இலவசமாய்க் கிடைத்ததைப் புகையாக்கிவிட்டு, யூரியா மூட்டைக்குக் கடன் வாங்குவது என்ன கணக்கோ, யாம் அறியோம். மலைமேற் காட்டிற்கு எருவிடுவார் எவருமிலர். வேனிலில் உதிர்ந்த சருகு மழையில் மக்கி மீண்டும் மரத்தின் வேருக்கே செல்கின்றது.

உழவர்மேற் பழி சுமத்துதல் எம் கருத்தன்று. சோகை கையை அறுக்கும், பாம்பு தங்கும், கூலியாள் கிடைப்பது அருமை, கட்டைக் கரும்பு முளைக்க அது தடையென்னும் அச்சமும் உண்டு. இவை மெய்யான இடர்ப்பாடுகளே. ஆயினும், சோகையைத் தூளாக்கும் கருவிகள் இன்று உள. தனியொரு சிறு உழவர் அவற்றை வாங்கவியலாது. ஆலைகளுக்கு அது அரிதன்று. வெட்டு உத்தரவு வரும்போதே கருவியும் வாடகைக்கு வருமாறு ஆலையார் செய்தல் கடமையென்போம். அதுவரை, சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலிற் பரப்பினாலும் கட்டை முளைக்க இடமுண்டாகும், களையும் அடங்கும், வாய்க்காலில் நீர் சுருங்கும் சித்திரை மாதத்தில் மண்ணின் ஈரமும் சில நாள் கூடுதலாக நிற்கும்.